நாசா புறக்கோள் ஆவணக்காப்பகம்: செங்குறுமீன் கோள்களைத் தேடுவோருக்கான மதிப்புரை

செங்குறுமீன்கள் என்பவை சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, சிவந்த விண்மீன்கள். அருகிலுள்ள செங்குறுமீன்களைச் சுற்றும் கோள்களில் உயிர் தங்க வாய்ப்புள்ளவை எவை என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் செய்திகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 'இரண்டாம் பூமி' என்றொரு தலைப்பு, ஓவியர் வரைந்த நீலக்கடல், தூரம் இத்தனை ஒளியாண்டு. அத்தோடு செய்தி முடிந்துவிடும். அந்த எண்ணை அளந்தது யார், பிழை எவ்வளவு, பின்னால் வந்த குழு அதை மாற்றியதா என்று கேட்டால் விடை இருக்கும் இடம் நாசா புறக்கோள் ஆவணக்காப்பகம். புறக்கோள் என்பது சூரியன் அல்லாத வேறு விண்மீனைச் சுற்றும் கோள். கலிஃபோர்னியாவில் பாசடீனாவிலுள்ள கால்டெக்கின் ஐபேக் மையம் நாசாவுக்காக இதை நடத்துகிறது. 2011 டிசம்பரில் தொடங்கிய சேவை. கட்டணம் கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். இங்கே பதிவான உறுதிசெய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 2022 மார்ச்சில் 5,000-ஐத் தாண்டியது. 2025 செப்டம்பரில் 6,000-ஐ எட்டியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு இதைவிட நம்பகமான பொதுச் சேவை கிடையாது. ஆனால் எந்த அட்டவணையைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே கோளுக்கு வேறு வேறு எண்கள் வரும். அந்த வித்தியாசம் தெரியாமல் பயன்படுத்தினால் யாரும் அளக்காத ஒரு கோளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். சேவையைச் சோதிக்கப் பொருத்தமான கோள் எல்எச்எஸ் 1140 பி. திமிங்கில விண்மீன் குழுவில், சுமார் 49 ஒளியாண்டு தொலைவில் உள்ள அமைதியான செங்குறுமீன் ஒன்றை 24.737 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. வாழ்தகு மண்டலத்தில், அதாவது மேற்பரப்பில் நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில், இருக்கிறது. நம் பார்வையில் விண்மீனின் முகத்தைக் கடந்தும் செல்கிறது; இதைத்தான் கடப்பு என்கிறோம். அதனால் ஆரம், நிறை இரண்டும் அளக்கப்பட்டுள்ளன. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்த மிதவெப்பக் கோள்கள் மிகச் சில.

முதலில் அட்டவணைகள்

முகப்பில் முக்கியமாக இரண்டு அட்டவணைகள் உள்ளன. ஒன்று கோள் மண்டலங்கள் அட்டவணை. இதில் ஒரு கோளுக்கு எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் அளவீடு தந்திருக்கின்றனவோ அத்தனை வரிசைகள் இருக்கும்; ஒவ்வொரு வரிசையும் ஒரே கட்டுரையின் எண்கள். அவற்றில் ஒன்றை ஆவணக்காப்பகமே 'இயல்பு' என்று குறித்து வைத்திருக்கும். மற்றொன்று தொகுப்பு அட்டவணை. இதில் ஒரு கோளுக்கு ஒரே வரிசை. இயல்புக் கட்டுரையில் இல்லாத எண் வேறு கட்டுரையிலிருந்து எடுத்து நிரப்பப்படும். எங்குமே இல்லாவிட்டால் கணக்கிட்டு நிரப்பப்படும்.

புதிதாக வருபவர்கள் தொகுப்பு அட்டவணையைத்தான் விரும்புவார்கள், காலிக் கட்டங்கள் குறைவு என்பதால். வரைபடம் போட, மொத்தப் போக்கைப் பார்க்க அது போதும். ஒரு குறிப்பிட்ட கோளைப் பற்றி எழுதவோ பேசவோ போகிறீர்கள் என்றால் அதை நம்பி இறங்காதீர்கள்.

காரணத்தை எல்எச்எஸ் 1140 பி-யின் வரலாறே காட்டுகிறது. 2017-இல் இந்தக் கோள் அறிவிக்கப்பட்டது. சிலியின் செர்ரோ டொலோலோவில் உள்ள எம்எர்த் தொலைநோக்கிகள் அதன் கடப்பைக் கண்டிருந்தன. லா சில்லாவின் ஹார்ப்ஸ் கருவி, கோளின் ஈர்ப்பால் விண்மீன் தள்ளாடுவதை வைத்து நிறையை அளந்தது. அப்போது வெளியான எண்கள்: ஆரம் புவியைப்போல் 1.43 மடங்கு, நிறை 6.65 மடங்கு. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 12.5 கிராம். புவியின் அடர்த்தி 5.5 கிராம்தான். அதாவது இரும்பு மிகுந்த, கனத்த பாறைக்கோள் என்று தோன்றியது.

அடுத்த ஆண்டே, விண்மீன்களின் தூரத்தை அளக்கும் கையா விண்கலத்தின் இரண்டாம் தரவு வெளியீடு வந்தது. அதுவரை 12.5 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) என்று கருதப்பட்ட விண்மீனின் தூரம் 15 பார்செக் ஆனது. தூரம் கூடினால் அந்த விண்மீன் உண்மையில் இன்னும் பிரகாசமானது என்று பொருள். செங்குறுமீன்களில் பிரகாசம் கூடினால் நிறையும் ஆரமும் கூடும். சூரியனைப்போல் 0.186 மடங்கு என்றிருந்த விண்மீனின் ஆரம் 0.214 ஆக உயர்ந்தது. கடப்பு முறை நேரடியாக அளப்பது கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. எனவே விண்மீன் பெருத்தால் கோளும் பெருக்கும். ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அளவீட்டில் அந்த விகிதமும் சற்றுக் கூடியது. 2019-இல் வந்த கட்டுரையில் கோளின் ஆரம் 1.727, நிறை 6.98, அடர்த்தி 7.5. 2020-இல் எஸ்பிரெஸ்ஸோ கருவியும் டெஸ் விண்கலமும் சேர்ந்த ஆய்வில் ஆரம் 1.635, நிறை 6.38, அடர்த்தி 8. கிடைத்த அளவீடுகளையெல்லாம் சேர்த்து 2024-இல் வெளியான ஆய்வில் ஆரம் 1.730, நிறை 5.60, அடர்த்தி 5.9.

ஏழே ஆண்டுகளில் அடர்த்தி பாதியாகிவிட்டது. புவியைவிட 5.6 மடங்கு நிறையுள்ள கோள் புவியைப் போலவே பாறையும் இரும்புமாக இருந்தால், தன் ஈர்ப்பால் அமுங்கி அதன் அடர்த்தி 5.9-ஐவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். அது இல்லை என்பதால் மேலே ஏதோ இலேசான பொருள் இருக்கிறது. ஒன்று மெல்லிய ஹைட்ரஜன் போர்வை, அல்லது நிறையில் 9 முதல் 19 சதவீதம் வரை நீர் என்று 2024 ஆய்வு கணக்கிட்டது. இரும்புக்கோளாக இருந்தது நீர்க்கோளுக்கான முன்னணிப் போட்டியாளராக மாறியது இப்படித்தான்.

கோள் மண்டலங்கள் அட்டவணையில் இந்த வளர்ச்சி முழுவதும் வரிசை வரிசையாகக் கண்முன் நிற்கும். பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதிவிடாமல் எல்லாவற்றையும் வைத்திருப்பதுதான் இந்தச் சேவையின் பெருமை. ஓர் எண் எவ்வளவு நிலையானது என்பதை, அது இதுவரை எவ்வளவு அசைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எடைபோட முடியும்.

இங்கே பலர் செய்யும் பிழை, கட்டுரைகளைத் தாங்களே கலப்பது. 2024-இன் நிறையையும் 2020-இன் ஆரத்தையும் சேர்த்தால் அடர்த்தி 7.1 வரும். எந்தக் குழுவும் அப்படியொரு கோளை அளக்கவில்லை. நிறை, ஆரம், சுற்றுப்பாதை, விண்மீனின் பண்புகள் எல்லாம் ஒரே கட்டுரையிலிருந்தே வர வேண்டும். அட்டவணையில் 'இயல்பு' குறி நெடுவரிசையில் 1 என்று வடிகட்டினால் ஒரு கோளுக்கு ஒரே கட்டுரையின் வரிசை மட்டும் மிஞ்சும். இயல்பு என்றால் மிகப் புதியது என்று பொருளில்லை. முழுமையும் துல்லியமும் பார்த்து ஆவணக்காப்பகம் தேர்ந்தெடுத்தது. எனவே வெளியான ஆண்டையும் கவனியுங்கள்.

கணக்கிட்டு நிரப்பிய எண்கள்

தொகுப்பு அட்டவணையின் அடுத்த ஆபத்து இதைவிடப் பெரியது. நம் மிக அருகிலுள்ள புறக்கோளான பிராக்சிமா பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 4.24 ஒளியாண்டு தூரம், 11.19 நாள் சுற்றுக்காலம், 2016 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்டது. எம்ஓஎஸ்டி, ஸ்பிட்சர், டெஸ் என்று மூன்று விண்கலத் தரவுகளிலும் தேடியும் இது விண்மீனைக் கடப்பதாகச் சான்று கிடைக்கவில்லை. கடப்பு இல்லையென்றால் ஆரத்தை அளக்க வழியில்லை. ஆனால் தொகுப்பு அட்டவணையில் இதற்கு ஆரம் இருக்கும், அதுவும் புவியின் ஆரத்தை ஒட்டியே இருக்கும். சென், கிப்பிங் இருவரும் 2017-இல் தந்த நிறை-ஆரத் தொடர்பை வைத்துக் கணக்கிட்டது அது. சான்றுக் கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் 'கணக்கிட்ட மதிப்பு' என்று ஆவணக்காப்பகம் நேர்மையாகக் குறிப்பிட்டிருக்கும். அந்த நெடுவரிசையைச் சேர்க்காமல் தரவிறக்கினால் அந்த எச்சரிக்கையும் உங்களோடு வராது.

பிராக்சிமா பி-யின் நிறையும் அப்படித்தான். 1.27 என்று தொடங்கி எஸ்பிரெஸ்ஸோ கருவியின் அளவீடுகளுக்குப் பின் 2022-இல் 1.07 புவி நிறை என்று வந்தது குறைந்தபட்ச நிறை மட்டுமே. சுற்றுப்பாதை நம் பார்வைக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாததால் உண்மை நிறை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பக்கவாட்டில் தெரியும் பாதையின் சாய்வை 90 பாகை என்று கொள்ளும் வழக்கப்படி, சாய்வு 30 பாகையாக இருந்தால் நிறை இரட்டிப்பாகும். சாய்வுகள் தற்செயலாக அமைந்தவை என்று கொண்டால், உண்மை நிறை இரண்டு மடங்குக்குள் இருக்க வாய்ப்பு சுமார் 87 சதவீதம். நிறைக்குப் பக்கத்திலேயே 'நிறையின் வகை' என்றொரு நெடுவரிசை உண்டு. உண்மை நிறையா, குறைந்தபட்ச நிறையா என்று அது சொல்லும். அதைச் சேர்க்காமல் நிறையை மட்டும் எடுக்காதீர்கள்.

இதே இனத்தைச் சேர்ந்தது வரம்புக் குறி. ஒரு கட்டுரை 'நிறை இதற்குமேல் இருக்க முடியாது' என்று மேல்வரம்பு மட்டும் சொல்லியிருந்தாலும், நிறை நெடுவரிசையில் அந்த எண் சாதாரண அளவீடு போலவே நிற்கும். அருகிலுள்ள வரம்பு நெடுவரிசையில் 1 இருந்தால் மேல்வரம்பு, கழித்தல் 1 இருந்தால் கீழ்வரம்பு, 0 இருந்தால் உண்மையான அளவீடு. திரையில் பார்க்கும்போது இது தெரிந்துவிடும். கோப்பாக இறக்கி நிரலில் படிக்கும்போதுதான் தவறிப்போகும். செங்குறுமீன்களின் சிறு கோள்களுக்கு மேல்வரம்பு மட்டுமே கிடைத்திருப்பது சாதாரணம், ஆகவே இந்த ஒரு குறியைப் புறக்கணித்தால் பட்டியலே கெட்டுவிடும்.

வாழ்தகு கோள்களை வடிகட்டும் முறை

'வாழ்தகு' என்றொரு நெடுவரிசை இந்த அட்டவணைகளில் கிடையாது. இது குறை என்று சிலர் சொல்வார்கள்; சரியான முடிவு என்றுதான் சொல்வேன். வாழ்தகு மண்டலத்தின் எல்லை எந்த மாதிரியை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதை அளவீட்டோடு கலந்து வைக்கக் கூடாது. வடிகட்டும் பொறுப்பு நம்முடையது. செய்முறை இப்படி:

கோள் மண்டலங்கள் அட்டவணையைத் திறந்து இயல்புக் குறிக்கு 1 கொடுங்கள். தூரத்துக்கு 16-க்குக் குறைவு என்று இடுங்கள். அலகு பார்செக், 3.26-ஆல் பெருக்கினால் ஒளியாண்டு. விண்மீனின் வெப்பநிலைக்கு 3,900 கெல்வினுக்குக் குறைவு என்று கொடுத்தால் செங்குறுமீன்கள் மட்டும் நிற்கும். ஆரம் 1.8 புவி ஆரத்துக்குக் குறைவு என்று வடிகட்டத் தோன்றும், ஆனால் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் கடப்பு இல்லாத கோள்கள், பிராக்சிமா பி உட்பட, ஆரம் காலியாக இருப்பதால் மொத்தமாக விழுந்துவிடும். காலிக் கட்டம் எந்த நிபந்தனையையும் நிறைவு செய்யாது என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். கோள் தன் விண்மீனிடமிருந்து பெறும் ஒளியைச் சொல்லும் நெடுவரிசைக்கும் இதே கதிதான். பல கட்டுரைகள் அதைத் தருவதே இல்லை. கோப்பை இறக்கிய பிறகு நீங்களே கணக்கிடுவதுதான் ஒழுங்கான வழி.

கணக்கு எளிது. விண்மீனின் ஆரத்தைச் சூரிய ஆரத்தில் எடுத்து இருமடி ஆக்குங்கள். விண்மீனின் வெப்பநிலையை 5,772-ஆல் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தி அதோடு பெருக்குங்கள். வந்ததைச் சுற்றுப்பாதை ஆரத்தின், அதாவது வானியல் அலகில் (புவிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஓர் அலகு) உள்ள எண்ணின், இருமடியால் வகுங்கள். எல்எச்எஸ் 1140 பி-க்கு 2024 ஆய்வின் எண்கள்: விண்மீன் ஆரம் 0.2159, வெப்பநிலை 3,096 கெல்வின், சுற்றுப்பாதை 0.0946 வானியல் அலகு. விடை 0.43, அதாவது புவி சூரியனிடமிருந்து பெறுவதில் 43 சதவீதம். கொப்பரப்பு குழுவினர் 2014-இல் தந்த மாதிரிப்படி இந்த வெப்பநிலையுள்ள விண்மீனுக்கு வாழ்தகு மண்டலத்தின் உள்ளெல்லை 0.92, வெளியெல்லை 0.24. கோள் நன்றாக உள்ளே இருக்கிறது, வெளிப்பாதியில்.

சமநிலை வெப்பநிலை, அதாவது வளிமண்டலத்தைக் கணக்கில் எடுக்காமல் பெறும் ஒளியிலிருந்து கணக்கிட்ட வெப்பநிலை, தரும் நெடுவரிசையை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். ஒரே கோளுக்கு ஒரு கட்டுரை ஓர் எண்ணும் இன்னொன்று வேறோர் எண்ணும் தரும். அளவீடு மாறியதால் மட்டும் அப்படி வருவதில்லை. கோள் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற அனுமானம் மாறியிருக்கும். எதுவும் திரும்பாது என்று கொண்டால் எல்எச்எஸ் 1140 பி-க்கு 226 கெல்வின். புவியைப்போல் 30 சதவீதம் திரும்பினால் 206. இதைப் பார்த்து 'உறைந்துபோன கோள்' என்று முடிவு கட்டுவதும் தவறு. புவிக்கே இந்தக் கணக்கில் 255 கெல்வின், அதாவது கழித்தல் 18 பாகை செல்சியஸ்தான் வரும். உண்மையான சராசரி 288 கெல்வின். நடுவிலுள்ள 33 பாகையும் வளிமண்டலத்தின் வேலை. கோள்களை ஒப்பிடப் பெறும் ஒளியே நல்ல அளவுகோல். அதில் வளிமண்டலம் பற்றிய அனுமானம் கலக்காது.

கோப்பை இறக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிஎஸ்வி கோப்பின் மேல்பகுதியில் எண்குறியோடு (#) தொடங்கும் விளக்க வரிகள் நிறைய இருக்கும். எக்செலில் நேரே திறந்தால் நெடுவரிசைத் தலைப்புகள் எங்கோ கீழே கிடக்கும். நிரலில் படிக்கும்போது எண்குறி வரிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பிழை அளவு இரண்டு நெடுவரிசைகளில் வரும், மேற்பிழை தனி, கீழ்ப்பிழை தனி. கீழ்ப்பிழைக்குக் கழித்தல் குறி ஏற்கெனவே இருக்கும். மீண்டும் ஒருமுறை கழித்துவிடாதீர்கள். சான்றுக் கட்டுரை நெடுவரிசையில் வெறும் பெயர் இல்லாமல் இணைப்புக்கான எச்டிஎம்எல் குறிகளும் சேர்ந்து வரும். அவற்றைத் துடைக்க ஒரு வரி நிரல் தேவைப்படும்.

அடிக்கடி தரவு எடுப்பவர்கள் டாப் என்னும் வினவல் சேவைக்கு மாறிவிடுங்கள். எஸ்க்யூஎல் தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும். உலாவியின் முகவரிப் பட்டையிலேயே கேள்வியை எழுதிவிடலாம். வெற்று விடை வந்தால் முதலில் பெயரைச் சரிபாருங்கள். இங்கே பிராக்சிமா பி-யின் பதிவுப் பெயரில் 'சென்டாரி' முழுமையாக இருக்காது, 'சென்' என்று சுருங்கியிருக்கும். எழுத்து, இடைவெளி, பெரிய சிறிய எழுத்து எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முகப்பிலுள்ள தேடல் பெட்டி இவ்வளவு கறார் இல்லை. எல்எச்எஸ் 1140 என்று கேட்டாலும், ஜிஜே 3053 என்று கேட்டாலும், டெஸ் பட்டியலின் டிஓஐ 256 என்று கேட்டாலும் ஒரே விண்மீனின் பக்கத்துக்கே கொண்டுபோகும். பெயர் தெரியாமல் திணறும்போது அங்கே தேடி, பதிவுப் பெயரை நகலெடுத்து வினவலில் ஒட்டுவதே சுலபம்.

கைபேசியில் இந்த அட்டவணைகளைப் பார்ப்பது சிரமம். நெடுவரிசைகள் மிக அதிகம், வடிகட்டிக் கட்டங்கள் மிகச் சிறியவை. கைபேசியில் ஒரு விண்மீனின் சுருக்கப் பக்கத்தை மட்டும் திறங்கள்; அதில் எல்லாக் கட்டுரைகளின் எண்களும் அடுத்தடுத்து இருக்கும்.

கடப்புக் கணிப்பான்

ஆவணக்காப்பகத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பயனுள்ள கருவி கடப்பு நேரம் கணிக்கும் சேவை. கோளின் பெயர், உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி வரம்பு, விண்மீன் அடிவானத்திலிருந்து குறைந்தது எத்தனை பாகை உயர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றைக் கொடுத்தால் எந்த இரவில் எத்தனை மணிக்குக் கடப்பு தொடங்கி முடியும் என்று பட்டியல் தரும்.

எல்எச்எஸ் 1140 பி-யை எடுத்தால் ஓர் ஆண்டில் 14 அல்லது 15 கடப்புகள் நிகழும். அவற்றில் இரவில் வருபவை, விண்மீன் மேலே இருக்கும்போது வருபவை என்று சலித்தால் ஓர் இடத்துக்கு மிஞ்சுவது வெகு சில. விண்மீன் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 15 பாகையில் இருப்பதால் காவலூர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் இருக்கும் அட்சரேகையில் 62 பாகை உயரம்வரை ஏறும், அது நல்ல உயரம். ஆனால் நள்ளிரவில் உச்சிக்கு வருவது அக்டோபர் தொடக்கத்தில், அங்கே வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரம். ஆகஸ்ட், செப்டம்பர் பின்னிரவுகளையும் டிசம்பர் இறுதி, ஜனவரியின் முன்னிரவுகளையும் சேர்த்துத் தேடுங்கள்.

கடப்பு 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் நீடிக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஒளி மாறாத பகுதி வேண்டும், எனவே 4 மணி நேரம் தொடர்ந்து பார்க்க முடிகிற இரவே பயன்படும். ஒளி குறைவது 0.54 சதவீதம். சாதாரணப் பச்சை வடிகட்டியில் விண்மீன் 14-ஆம் ஒளியளவைச் சேர்ந்தது, மங்கல் (ஒளியளவு எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). சிவப்பைத் தாண்டிய ஐ வடிகட்டியில் கணிசமாகப் பிரகாசமாகத் தெரியும். செங்குறுமீன்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். இதைக் கண்டுபிடித்த எம்எர்த் தொலைநோக்கிகளின் ஆடியே 40 செ.மீ. விட்டம் உள்ளதுதான், ஆகவே முயற்சி வீண்போகாது. ஒப்பீட்டு விண்மீன்கள் சுற்றிலும் இதைவிட வெளிர் நிறத்தவையாகவே இருக்கும். காற்றில் ஈரப்பதம் மாறும்போது சிவந்த விண்மீனின் ஒளி வேறுவிதமாகக் குறையும். அந்தச் சரிவைக் கடப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

கணிப்பான் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, சுற்றுக்காலத்தின் பிழை சேர்ந்துகொண்டே போகும். சுற்றுக்காலத்தில் 0.00025 நாள் பிழை இருக்கும் பழைய கட்டுரையைத் தேர்ந்தெடுத்தால், பத்தாண்டுக்குப் பிறகு ஏறக்குறைய 148 சுற்றுகள் ஆகியிருக்கும். பிழை 53 நிமிடமாகப் பெருகியிருக்கும். புதிய கட்டுரையின் எண்களைத் தேர்ந்தெடுங்கள், கருவி அதற்கு இடம் தருகிறது. மற்றொன்று நேர முறை. கட்டுரைகள் பெரும்பாலும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்திய நேரத்தைத் தரும். நம் கடிகார நேரத்துக்கும் அதற்கும் ஒளி பயணத்தால் மட்டும் 8 நிமிடம்வரை வேறுபாடு வரலாம். அட்டவணையில் நேர முறைக்குத் தனி நெடுவரிசை இருக்கிறது, பாருங்கள்.

நிறமாலைகள்

ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி வந்தபிறகு இந்தப் பகுதிக்கு மதிப்பு கூடிவிட்டது. வெளியான நிறமாலைகளை, அதாவது ஒளியை நிறம் வாரியாகப் பிரித்து எடுத்த அளவீடுகளை, கட்டுரை வாரியாக, கருவி வாரியாகப் பட்டியலிட்டு, உலாவியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்க்கவும் எண்களாக இறக்கவும் வசதி உண்டு. ஹபிள், வெப் இரண்டும் ஒரே கோளைப் பார்த்திருந்தால் வேறுபாடு எங்கே என்று உடனே தெரியும்.

தனக்குத் தெரியாத ஒன்றை இந்தச் சேவை சொல்வதில்லை என்பது இங்கே முக்கியம். எல்எச்எஸ் 1140 பி-யை வெப்பின் நிரிஸ் கருவி 2023 டிசம்பரில் இரண்டு கடப்புகளில் பார்த்தது. ஹைட்ரஜன் மிகுந்த தடித்த வளிமண்டலம் இல்லை என்பது தெளிவானது. நைட்ரஜன் மிகுந்த வளிமண்டலத்துக்கான சாயல் 2.3 சிக்மா (புள்ளியியல் உறுதியின் அலகு) அளவில் கிடைத்தது. அது சான்று என்று சொல்லும் அளவுக்குப் போதாது. விண்மீனின் முகத்திலுள்ள பிரகாசத் திட்டுகளும் நிறமாலையில் தடம் பதிக்கின்றன. இன்னொரு செங்குறுமீன் கோளான டிராப்பிஸ்ட்-1 இ-யிலும் இதே தொல்லைதான். 2025-இல் வெளியான அதன் நான்கு கடப்புகளின் ஆய்வில் கோளின் சாயலா விண்மீனின் சாயலா என்று பிரிப்பதே முக்கால்வாசி வேலை. நிறமாலைக் கோப்பை இறக்கி ஒரு மேட்டைப் பார்த்து 'நீராவி' என்று எழுதுமுன் மூலக் கட்டுரையில் விண்மீன் கலப்பை எப்படி நீக்கினார்கள் என்று படியுங்கள். ஒவ்வொரு கோப்போடும் அந்தக் கட்டுரையின் இணைப்பு இருக்கிறது.

இல்லாதவை

செங்குறுமீன் கோள்களைத் தேடுபவருக்கு இந்த அட்டவணைகளில் பெரிய இடைவெளி ஒன்று உண்டு: விண்மீனின் தழல் வெடிப்புகள். பிராக்சிமா 2016 மார்ச்சில் ஒரு பெருவெடிப்பில், இருண்ட வானில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சில நிமிடம் பிரகாசித்தது. வழக்கமாக அது 11-ஆம் ஒளியளவு விண்மீன். எல்எச்எஸ் 1140-ஓ 131 நாளுக்கு ஒருமுறை மெதுவாகச் சுழலும், 500 கோடி ஆண்டுக்கும் மூத்த, அமைதியான விண்மீன். கோளின் வளிமண்டலம் தங்குமா என்பதில் இந்த வேறுபாடு பெறும் ஒளியைவிடப் பெரியது. ஆனால் அட்டவணையில் பெறும் ஒளி இருக்கிறது, தழல் வெடிப்பு வீதம் இல்லை. விண்மீனின் சுழற்சிக் காலமும் வயதும் தரப்பட்டிருந்தால் அவற்றை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: மெல்லச் சுழலும் மூத்த செங்குறுமீன் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எனினும் பிராக்சிமாவும் 80 நாளுக்கு மேல் எடுத்தே சுழல்கிறது என்பதால் இந்த ஊகத்தை இறுதியாகக் கொள்ள வேண்டாம். எக்ஸ் கதிர், புற ஊதா அளவுகளுக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கின் சிம்பாட் தளத்தில் விண்மீனைத் தேடி அங்குள்ள கட்டுரைப் பட்டியலுக்குப் போவதே வழி.

மற்ற சேவைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாரிஸ் வான்நோக்கு நிலையத்தில் ஜான் ஷ்னைடர் 1995-இல் தொடங்கிய புறக்கோள் கலைக்களஞ்சியம் கோள்களைச் சேர்ப்பதில் இன்னும் தாராளமானது. புதிய அறிவிப்புகள் சில நேரம் அங்கே முன்னதாக வரும், ஆனால் கட்டுரை வாரியாக எண்களைப் பிரித்துப் பார்க்கும் வசதி இங்கே போல் இல்லை. போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் அரெசிபோ வளாகத்தில் தொகுக்கப்படும் வாழ்தகு உலகங்கள் பட்டியல் தொடக்கப் பட்டியலுக்கு உதவும். அதிலுள்ள புவி ஒப்புமைக் குறியீட்டைத் தரவரிசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரமும் பெறும் ஒளியும் புவிக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் அது அளக்கிறது. காற்று இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கிலேயே வராது. நாசாவின் பொதுமக்களுக்கான கோள் பக்கங்களில் அழகான படங்கள் இருக்கும். அவை அனைத்தும் ஓவியங்கள், பிழை அளவுகளும் அங்கே காட்டப்படுவதில்லை. பள்ளி மாணவர்களுக்குக் காட்ட அது போதும், கணக்குப் போட ஆவணக்காப்பகத்துக்கே வர வேண்டும்.

இறக்கிய கோப்பைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியையும் எந்த அட்டவணை என்பதையும் எழுதி வையுங்கள். கட்டுரை, வெளியான ஆண்டு, நிறையின் வகை, வரம்புக் குறி ஆகிய நான்கு நெடுவரிசைகளையும் எண்களோடு சேர்த்தே இறக்குங்கள். எண்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. ஆறு மாதம் கழித்து அதே வினவலை ஓட்டினால் அதே விடை வர வேண்டும் என்றில்லை.